பேச்சு போனவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

பக்கவாதத்திலிருந்து எழுந்தவரிடம் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு சீப்பை நீட்டுகிறார். அவர் வாங்கித் தலையை வாரிக் காட்டுகிறார். ‘சீப்பு’ என்ற சொல் மட்டும் வரவில்லை. நாக்கில் கோளாறு இல்லை, புத்தியும் மங்கவில்லை. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி அடிபட்டிருக்கிறது. இதுதான் அஃபேசியா. கைகால் விளங்காமல் போனால்தான் மாற்றுத்திறனாளி சான்றிதழ் தருவார்கள் என்று நினைத்து இதைப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அஃபேசியாவையும் குரல்வளை அகற்றப்பட்ட நிலையையும் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் பாதிப்பு நிரந்தரமானதாக இருக்க வேண்டும். பக்கவாதம் வந்த மறுவாரமே விண்ணப்பிப்பதில் பயனில்லை. முதல் சில மாதங்களில்தான் பேச்சு வேகமாகத் தேறும். அந்த மாதங்களில் பயிற்சியை விடாதீர்கள். தெரபிஸ்ட் எழுதித் தரும் மதிப்பீடுகளையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் மத்திய அரசின் ‘ஸ்வாவ்லம்பன்’ இணையதளத்தில் யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சதவீதம் போடுவார்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால் சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கான வாசல் திறக்கும். அட்டை நாடு முழுவதும் செல்லும்.

சரி, வேலை? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரசு வேலையில் 4% ஒதுக்கீடு பார்வை, செவி, கைகால் இயக்கம், ஆட்டிசம், மனநலம் போன்ற வகைகளுக்குப் பிரித்துத் தரப்பட்டிருக்கிறது. பேச்சு, மொழிக் குறைபாட்டுக்கு அதில் தனிப் பங்கு இல்லை. உயர்கல்வியில் அப்படியில்லை: அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5% இடமும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் இவர்களுக்கும் உண்டு. ஒரே சட்டம் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு வேலையில் மறந்துவிடுவது எனக்கு விளங்கவில்லை.

குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் வழி வேறு. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் அங்கன்வாடியிலேயே பரிசோதித்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பயிற்சி இலவசம்.

தனியாரிடம் போவதானால் முதலில் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்சிஐ) பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வது குற்றம். அப்போது விதித்த அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய்; அதற்கு யாரும் பயப்படப் போவதில்லை. எண்ணைக் குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.