நட்டு இறுகிவிட்டது, ஸ்டீயரிங் இறுகவில்லை

போன வாரம் ஒரு பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அண்ணே, வளைவுல திரும்பும்போது ஸ்டீயரிங்ல டக்குனு ஒரு சத்தம் வருது. டை ராட் போயிருக்கும்னு நினைக்கிறேன், பாத்துச் சொல்லுங்க" என்றார். திருப்பத்தை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட்.

காருக்கு அடியில் போவதற்கு முன்னால், வழக்கம்போல ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. இடமும் வலமும் மெல்லத் திருப்பினேன். ஒரு விரல் அகலத்துக்கு ஸ்டீயரிங் வீல் மட்டும் திரும்பியது, அதற்கு அப்புறம்தான் அது மாட்டியிருக்கும் தண்டு, அதாவது ஷாஃப்ட், அசைந்தது.

"இது கம்பெனி ஸ்டீயரிங் இல்லையே தம்பி, எப்ப மாத்துனீங்க?"

"மூணு மாசம் இருக்கும்ணே. நானேதான் மாட்டினேன். நட்டை நல்லா இறுக்கித்தான் விட்டிருக்கேன்."

அவர் சொன்னது உண்மை. நட்டு கல் மாதிரி இறுகியிருந்தது. அதைக் கழற்றி, வீலை ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஹப்பை வெளியே எடுத்தபோது உள்ளே இருந்து அலுமினியத் தூள் கொட்டியது. ஹப்புக்குள் இருக்க வேண்டிய பற்களில் பாதி இல்லை. மீதி இருந்தவை வழித்த சீப்பு மாதிரி இருந்தன. அந்த ஹப் அந்தக் காருக்கானதே அல்ல. அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கானது. "உள்ளே போச்சு, அதனால சரின்னு நினைச்சேன்" என்றார். மூன்று மாதமாக அதில்தான் நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறார்.

இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது கார் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீலை வாங்குவதற்கு எல்லோரும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். தோலா, ஸ்வேட் தோலா, மரமா, எத்தனை ஸ்போக், தையல் என்ன நிறம் என்று அலசுகிறார்கள். அந்த வீலுக்கும் காரின் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு ஹப் அடாப்டர் வருகிறது. பாஸ் கிட் என்றும் சொல்வார்கள். அதை மட்டும் கடைசி நேரத்தில், இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்குகிறார்கள். மாட்டிய பிறகு அது ரப்பர் உறைக்குள் மறைந்துவிடும். கண்ணில் படாத பொருள்மேல் யாருக்கும் அக்கறை வருவதில்லை. ஆனால் உங்கள் கைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே பிடிப்பு அதுதான்.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் உடைத்தாக வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நட்டு என்று பலர் நம்புகிறார்கள். நட்டின் வேலை வீல் ஷாஃப்ட்டைவிட்டு வெளியே வராமல் தடுப்பது. நீங்கள் திருப்பும் திருப்பத்தை ஷாஃப்ட்டுக்குக் கடத்துவது நட்டின் வேலை அல்ல. அதைச் செய்பவை பற்கள். ஷாஃப்ட்டின் நுனியைச் சுற்றி வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். ஹப்புக்குள்ளும் அதே எண்ணிக்கையில், அதே அளவில், அதே சரிவில் பல் இருக்க வேண்டும். எல்லாப் பல்லும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சில கார்களில் அந்த நுனி கூம்பாகவும் இருக்கும். நட்டை இறுக்கும்போது ஹப் அந்தக் கூம்பில் ஏறி ஆப்பு மாதிரி இறுகும்.

இப்போது 36 பல் உள்ள ஷாஃப்ட்டில், கொஞ்சம் பெரிய துளையும் வேறு எண்ணிக்கையில் பல்லும் உள்ள ஒரு ஹப்பை நுழைக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே போகும். அங்கங்கே நாலைந்து பல் மட்டும் கடித்துக்கொள்ளும். நட்டை இறுக்க இறுக்க, எஃகு ஷாஃப்ட் அந்த அலுமினியத்தைச் செதுக்கிக்கொண்டு உள்ளே ஏறும். கைக்கு அது நல்ல இறுக்கமாகத்தான் தெரியும். சொல்லப்போனால் சரியான ஹப்பைவிட இறுக்கமாகவே தெரியும். அந்த இறுக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. பிறகு ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தி எடுக்கும்போதும், ஒவ்வொரு குழியில் இறங்கி ஏறும்போதும் அந்த நாலைந்து பல்லே முழுச் சுமையையும் வாங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நட்டு அப்படியே இருக்கும், உள்ளே பல் போய்விடும். இதை நான் பட்டறையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்போதும், "அப்ப இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடுங்களேன்" என்பார்கள். தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: பல் பொருந்தாத இடத்தில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. இறுக்க இறுக்க நீங்களே பல்லைச் செதுக்குகிறீர்கள்.

எனவே ஹப் வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மாடல், தயாரிப்பு ஆண்டு, ஏர்பேக் உண்டா இல்லையா, எல்லாம் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலிலேயே நடுவில் ஷாஃப்ட் மாறிய கார்கள் உண்டு. கையில் வந்ததும் நட்டு இல்லாமல் ஷாஃப்ட்டில் வைத்துப் பாருங்கள். அது கையாலேயே வழுக்கிப் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்த பிறகு துளியும் சுழலக் கூடாது. சுத்தியால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் அது உங்கள் காருக்கானது அல்ல, திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த கோபம், அரம். வீலையும் ஹப்பையும் இணைக்கும் 6 ஸ்க்ரூக்களின் துளைகள் ஒரு வட்டத்தில் இருக்கும். மோமோ பிராண்டு வீல்களில் அந்த வட்டத்தின் விட்டம் 70 மில்லிமீட்டர், நார்டி பிராண்டில் 74 மில்லிமீட்டர். ஒவ்வொரு துளையும் 2 மில்லிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. பார்த்தால் ஏறக்குறைய பொருந்துவது போலவே தெரியும். உடனே அரத்தை எடுத்து வீலின் துளைகளை நீளமாக்கிவிடுகிறார்கள். நீண்ட துளையில் ஸ்க்ரூவின் தலை முழுதாக உட்காராது. ஓரமாகத் தொற்றிக்கொண்டு நிற்கும். அதிர்வில் ஒன்று தளர்ந்தால் அதன் சுமை அடுத்ததற்குப் போகும், பிறகு அதற்கு அடுத்ததற்கு. அந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர்தான், விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. இரண்டு வட்டத்துக்கும் துளை போட்ட ஹப்களே கிடைக்கின்றன. அதை வாங்குவதை விட்டுவிட்டு, இத்தனை பணம் கொடுத்து வாங்கிய வீலை அரத்தால் ராவுவது என்ன நியாயம்?

ஸ்க்ரூக்களை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மரை தளராமல் பிடிக்கும் பசையான த்ரெட் லாக், நீல நிறத்தில், மரையில் ஒரு துளி போதும். சிவப்பு வேண்டாம், பின்னால் கழற்ற வேண்டி வந்தால் தலை வழுக்கிவிடும். அலுமினிய மரை என்பதால் முரட்டுத்தனமும் வேண்டாம்.

போலி வீல் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் பெற்ற பிராண்டுகளுக்கெல்லாம் போலி ஓடுகிறது. நடுத் தகடு மெலிந்திருக்கும், ஸ்போக்கும் வளையமும் சேரும் இடத்தில் வெல்டிங் அள்ளி அப்பியது போல இருக்கும். வீலை முழங்காலில் வைத்து வளையத்தை அழுத்தினால் நெளிவது கைக்கே தெரியும். விபத்து நேரத்தில் உங்கள் நெஞ்சு போய் விழும் இடம் அந்த வளையம்தான். அசல் வாங்கப் பணம் போதவில்லை என்றால் பழைய கம்பெனி வீலுக்கே நல்ல தோல் உறை தைத்துப் போடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

இனி ஏர்பேக். 90களின் கார்கள் பலவற்றில் கம்பெனி ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. புது வீல் போட்டால் அது போய்விடும். பரவாயில்லை என்று நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் முடிவு, சட்டம் அதை அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சாலைத் தகுதிச் சோதனையிலும் காப்பீட்டிலும் இது பிரச்சினையாகும் நாடுகள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதித் தெரிவித்துவிடுங்கள். நான் பேச வந்தது வேறு. ஏர்பேக்கைக் கழற்றியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்க ஒரு ரெசிஸ்டரைச் சொருகிவிட்டு, "லைட் போயிடுச்சு, எல்லாம் சரி" என்கிறார்கள். விளக்கு அணைந்தால், அங்கே ஏர்பேக் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்புகிறது என்று மட்டும்தான் அர்த்தம். விளக்கை அப்படியே எரியவிட்டாலும் சிக்கல்தான். பல கார்களில் ஒரு இடத்தில் கோளாறு என்றால் மொத்த அமைப்பும் செயலிழந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்கான ஏர்பேக்கும் சேர்ந்து. உங்கள் காரில் எப்படி என்று அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அந்தக் காரை விற்கும்போது, ஏர்பேக் இல்லை என்பதை வாங்குபவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அவர் அதில் தன் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம்.

கழற்றும் வேலை இன்னும் ஆபத்தானது. ஏர்பேக்குக்குள் இருப்பது வெடித்து வாயு உண்டாக்கும் பொருள், 1/20 விநாடிக்குள் விரிந்து முடிந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருங்கள். பேட்டரி கழன்ற பிறகும் அந்த அமைப்பில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஏர்பேக் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டமே அதைப் பற்றவைத்துவிடக்கூடும். கையில் எடுத்துப் போகும்போது அதன் முகப்பு உங்கள் உடம்பைப் பார்க்கக் கூடாது. வைக்கும்போது முகப்பு மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்த ஏர்பேக் தவறி வெடித்தால் மொத்தமாக எகிறும். இதெல்லாம் படிக்கும்போதே கை நடுங்குகிறது என்றால் நல்லது, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய வீல் வெளியே வர மறுக்கும்போது செய்யும் தவறு ஒன்று உண்டு. வருடக்கணக்கில் இறுகிய வீல் கையால் இழுத்தால் வராது. உடனே ஒருவர் பின்னால் இருந்து வீலை இழுப்பார், இன்னொருவர் ஷாஃப்ட்டின் நுனியில் சுத்தியால் ஓங்கி அடிப்பார். செய்யாதீர்கள். முன்பெல்லாம் வீலிலிருந்து கீழே போகும் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளக் கம்பியாக இருந்தது. நேருக்கு நேர் மோதலில் அது ஈட்டி மாதிரி ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வந்தது. அதைத் தடுக்க அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் புதிய பயணியர் கார்களுக்கு விதிகள் வந்தன. மோதினால் தானே மடங்கும் ஸ்டீயரிங் தண்டுகள் வழக்கமாயின. அவற்றில் சிலவற்றின் உள்ளே இரண்டு குழாய்களைப் பிடித்திருப்பது சின்னச் சின்ன பிளாஸ்டிக் பின்கள். அழுத்தம் வந்தால் உடைவதற்காகவே வைத்தவை. நீங்கள் சுத்தியால் அடிக்கும் திசையும் விபத்தில் அடி விழும் திசையும் ஒன்றுதான். பட்டறையிலேயே அவற்றை உடைத்துவிட்டால் உயிரைக் காக்க வைத்த பொருள் வீணாகிவிடும். வீலை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வைத்து இழுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று மரையில் விட்டுவையுங்கள், வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் வந்து அடிக்காது. இறுக்கும்போதும் கழற்றும்போதும் சாவியை எடுத்து, ஸ்டீயரிங் லாக் விழும் இடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அந்த லாக் அந்த பலத்துக்குச் செய்ததல்ல. வீலை யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், நேர் நிலை. கழற்றுவதற்கு முன் சக்கரங்களை நேராக வைத்து, ஷாஃப்ட்டிலும் பழைய வீலிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 36 பல் என்றால் ஒரு பல் தள்ளினால் 10 டிகிரி திரும்பிவிடும். பல்லை மாற்றியும் நேராக வரவில்லை என்றால் பிரச்சினை வீலில் இல்லை, அலைன்மெண்ட்டில் இருக்கிறது. இரண்டு பக்க டை ராடையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. 38 சென்டிமீட்டர் வீலை எடுத்துவிட்டு 32 போட்டால் பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் கைக்கு ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். 35 என்றால் 9 சதவீதத்துக்குள் முடிந்துவிடும். சாலையில் ஓட்டும் காருக்கு 35 போதும். வேகமானி மறைகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். ஹப் நீளமாக இருந்தால் வீல் நெஞ்சுக்குக் கிட்ட வந்துவிடும், அதையும் பாருங்கள்.

ஹார்ன் வயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொங்கவிடாதீர்கள். ஹார்ன் இல்லாத கார் சாலைக்கு வரக் கூடாது. இண்டிகேட்டரைத் தானே அணைக்கும் முளை ஹப்பின் பின்பக்கம் இருக்கும். அது சரியான பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அணையாது, அல்லது உடைந்துவிடும்.

மாட்டி முடித்ததும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது, வயர் இழுபடக் கூடாது. நட்டை சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு நட்டையும் 6 ஸ்க்ரூவையும் மறுபடி சோதியுங்கள். அதற்கு 10 நிமிடம்கூட ஆகாது.

அந்தத் தம்பியின் ஷாஃப்ட்டுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை, எஃகு என்பதால் தப்பியது. அந்தக் காருக்கான ஹப் வரும் வரை பழைய கம்பெனி வீலையே போட்டு அனுப்பினேன். அதைத் தூக்கிப் போடாமல் வீட்டில் வைத்திருந்தார். நீங்களும் வைத்திருங்கள். உங்கள் ஸ்டீயரிங்கில் இன்று ஒரு விரல் அகல ஆட்டம் தெரிந்தால், தயவுசெய்து காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள். கார் ஏற்றும் வண்டியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள்.