பன்னாட்டுக் கருத்தரங்கிற்குப் பணம் கட்டும் முன்

ஆய்வு மாணவர்கள் வாட்ஸப்பில் அனுப்பிவைக்கும் அழைப்பிதழ்களைப் பார்த்தால், தமிழ்த்துறைகள் நடத்துவதெல்லாம் இப்போது பன்னாட்டுக் கருத்தரங்கமாகத்தான் இருக்கிறது. காரணம், கல்லூரி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பார்க்கும் புள்ளிக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி கட்டுரை வாசிப்புக்கு மாநில அளவில் 2 புள்ளி, தேசிய அளவில் 3, உள்நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு 5. மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வந்து வாழ்த்திவிட்டால் மூன்று ஐந்தாகிவிடும்.

நான் முதலில் பார்ப்பது நிகழ்ச்சி நிரலை. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரைகள் என்று பாதிப் பொழுது போய்விடும். அப்புறம் 2 மணி நேர அமர்வில் 40 கட்டுரை என்றால் தலைக்கு 3 நிமிடம். “முடிவுரையை மட்டும் சொல்லுங்கம்மா” என்று அமர்வுத் தலைவர் அவசரப்படுத்துவார். வாசித்து முடித்தவர்கள் சான்றிதழ் வாங்கப் போய்விட, கடைசி ஆள் காலி நாற்காலிகளுக்குத்தான் வாசிக்க வேண்டும்.

‘ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாக வெளிவரும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த 13 இலக்க எண் நூலுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் அது உண்டு. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. கட்டுரையை யாராவது படித்துப் பார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது, கட்டணம் செலுத்தவும்’ என்று பதில் வந்தால், யாரும் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

“ரெண்டு கட்டுரை வாசிக்காம ஆய்வேட்டைக் கொடுக்க முடியாதே ஐயா?” என்று கேட்கிறார்கள். மானியக் குழுவின் 2016 விதிமுறையில் அப்படி இருந்தது. 2022இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் இன்னும் வைத்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நல்ல கூட்டங்களும் நடக்கின்றன. சின்னப் பயிலரங்கு ஒன்றில், ஓர் ஆசிரியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளையே கொண்டுவந்து விரித்தார். ஒரு நோட்டில் பக்கம் முழுக்கச் சிவப்பு மை, ற–ர பிழைக்கும் ஒற்றுப்பிழைக்கும். அதே பிழைகள் அடுத்த கட்டுரையிலும் அப்படியே இருந்தன. எல்லாப் பிழையையும் சுழிப்பதா, ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துவதா என்று சாப்பாட்டு மணியைத் தாண்டியும் வாக்குவாதம் ஓடியது. அதற்கு எந்தப் புள்ளியும் கிடையாது. எங்களில் சிலர் திருத்தும் முறையை மாற்றிக்கொண்டோம்.

கட்டணம் கட்டும் முன் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள். ஓர் அமர்வுக்கு எத்தனை கட்டுரை, கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். “நீங்க வரணும்னுகூட இல்ல, சான்றிதழ் மெயில்ல வந்துடும்” என்றால், சரி என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.