மெய்நிகர் ஹெட்செட்டும் பிடிவாதமான உள்காதும்

இந்த வரியில் ஏதாவது ஓர் எழுத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து கலையாது, படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் கைபேசியை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் கரைந்து வெறும் கோடுகளாகிவிடும். இரண்டு முறையும் கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் நடந்த அசைவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் முறை கண்ணுக்கு உள்காதின் உதவி இருந்தது.

உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. தலை திரும்பியதும் அவை அந்தச் சுழற்சியை உணர்ந்து, கண்களை அதே அளவு எதிர்த்திசையில் திருப்பும்படி சைகை அனுப்புகின்றன. மூன்றே நரம்பணுக்களைக் கடந்து இந்தச் சைகை கண் தசைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகும் நேரம் சுமார் 10 மில்லி நொடி. மனித உடலின் மிக வேகமான அனிச்சைச் செயல்களில் இதுவும் ஒன்று. நாம் நடந்தாலும் ஓடினாலும் உலகம் ஆடாமல் அசையாமல் நிற்பது இதனால்தான்.

கண்களை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால் கணினி வரையும் உலகைக் காட்டுவது மெய்நிகர் ஹெட்செட். அதைச் செய்பவர்கள் மோத வேண்டியிருப்பது இந்த அமைப்போடுதான். ஹெட்செட்டுகள் ஏன் இன்னும் வீட்டுக்கு வீடு வரவில்லை என்று கேட்டால், விலை அதிகம், நல்ல விளையாட்டுகள் இல்லை என்று வழக்கமான பதில்கள் வரும். பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். தொலைக்காட்சியின் தரத்தைக் கண் மட்டும்தான் தீர்மானிக்கிறது. ஹெட்செட்டின் தரத்தைக் கண்ணோடு உள்காதும் கழுத்தும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த இரண்டிடமும் விளம்பரம் எடுபடாது.

ஹெட்செட் அணிந்து தலையைத் திருப்பும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். முதலில், திரும்பிய அளவைச் சுழற்சி உணரி அளக்கிறது. 2013இல் வந்த ஆக்குலஸ் நிறுவனத்தின் முதல் மாதிரியிலேயே இது நொடிக்கு 1000 முறை அளந்தது. அடுத்து, புதிய கோணத்திலிருந்து காட்சி எப்படித் தெரியும் என்று வரைகலைச் செயலி கணக்கிட்டு, இரு கண்களுக்கும் தனித்தனியே வரைகிறது. பிறகு அந்தப் படம் திரைக்குப் போய், அதன் ஒளிப்புள்ளிகளான பிக்சல்கள் ஒளிர்கின்றன. இத்தனையும் 20 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும் என்பது துறையில் நிலைத்துவிட்ட இலக்கு. சாதாரணமாகத் தலையைத் திருப்பினாலே நொடிக்கு 100 டிகிரி வேகம் எளிதில் வந்துவிடும். அந்த வேகத்தில் 50 மில்லி நொடி தாமதமானால் காட்சி 5 டிகிரி பின்தங்கும். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் தெரியும் அகலம் அது. உலகமே அவ்வளவு தூரம் வழுக்கி, பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். வயிறு புரட்டத் தொடங்க அதுவே போதும்.

தாமதத்தை முழுவதுமாக ஒழிக்க முடியாததால் பொறியாளர்கள் இரண்டு அழகான வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, கணிப்பு. தலைக்கு எடை இருப்பதால் அதன் வேகம் கணத்தில் மாறிவிடாது. அடுத்த 20 மில்லி நொடியில் அது எங்கே இருக்கும் என்று நம்பகமாகச் சொல்லிவிடலாம். ஆக்குலஸின் தொடக்க நாள்களில் இந்தக் கணக்கில் பணியாற்றிய ஸ்டீவன் லாவல் பின்னர் சென்னை ஐஐடியில் மெய்நிகர் தொழில்நுட்பம் பற்றிப் பாடம் நடத்தினார். அந்த வகுப்புகள் என்பிடெல் என்ற இலவசப் பாடத்தளம் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன, ஆர்வமுள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். இன்னொன்று, கணினி விளையாட்டு நிரலாளர் ஜான் கார்மாக் 2013இல் விளக்கி எழுதிய உத்தி. படத்தை வரைந்து முடித்த பிறகு, திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில் தலையின் நிலையை மறுபடி ஒருமுறை அளந்து, வரைந்த படத்தையே அதற்கேற்பச் சற்று நகர்த்திவிடுவது. முழுப் படத்தையும் மீண்டும் வரைவதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் வேலை மிகக் குறைவு.

தாமதம் தீர்ந்தாலும் மங்கல் தீரவில்லை. நொடிக்கு 90 படங்கள் காட்டும் திரையில் ஒவ்வொரு படமும் 11 மில்லி நொடி நிற்கும். அவ்வளவு நேரமும் அது ஒளிர்ந்துகொண்டே இருந்தால், திரும்பும் தலையோடு சேர்ந்து படமும் ஒரு டிகிரிக்கு மேல் இழுபடும். அதனால் திரையை ஒவ்வொரு முறையும் ஓரிரு மில்லி நொடி மட்டும் பளிச்சென்று ஒளிரவிட்டு, மிச்ச நேரம் இருட்டாக வைக்கிறார்கள். ஹெட்செட் அணிந்தவர் பெரும்பாலான நேரம் இருண்ட திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தெரிவதில்லை.

இவை எல்லாம் புதிய கனவுகள் அல்ல. அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் 1968இலேயே தலையில் அணியும் கணினித் திரையைச் செய்துவிட்டார். தலையின் அசைவை அளக்க, கூரையிலிருந்து தொங்கும் ஓர் இயந்திரக் கை அதில் பொருத்தப்பட்டிருந்தது. தெரிந்தவை கம்பிக்கோட்டு உருவங்கள் மட்டுமே. 1980களில் ஜாரன் லேனியரின் விபிஎல் நிறுவனம் ஹெட்செட்டுகளை விற்றது. 1995இல் நின்டெண்டோ வெளியிட்ட வர்ச்சுவல் பாய் கருவியில் சிவப்பு நிறம் மட்டுமே உண்டு; தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது. ஒரே ஆண்டுக்குள் அது கைவிடப்பட்டது. 2012க்குப் பிறகு நிலைமை மாறியதற்குப் பெரிய காரணம் கைபேசிகள். சிறிய கூர்மையான திரைகளும் மலிவான அசைவு உணரிகளும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை சரிந்தன. பால்மர் லக்கி என்ற இளைஞர் அவற்றைச் சேர்த்துச் செய்த ஆக்குலஸ் ரிஃப்ட்டுக்குப் பொதுமக்களிடம் சுமார் 24 லட்சம் டாலர் திரண்டது. 2014இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தையே ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியது.

அங்கிருந்து கூர்மை என்னும் அடுத்த மலை தொடங்குகிறது. நல்ல பார்வையுள்ள கண்ணுக்குப் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க, ஒரு டிகிரிக்குச் சுமார் 60 பிக்சல் வேண்டும். ஃபேஸ்புக்கின் புதிய பெயரான மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது ஏறக்குறைய 25. கண்ணுக்கு 100 டிகிரி அகலமும் 100 டிகிரி உயரமும் கொண்ட காட்சியை முழுக் கூர்மையோடு காட்ட வேண்டுமானால் ஒரு கண்ணுக்கு 3 கோடியே 60 லட்சம் பிக்சல் தேவை. இரு கண்களுக்கும் நொடிக்கு 90 முறை என்றால் சுமார் 650 கோடி பிக்சல். 4கே தொலைக்காட்சி நொடிக்கு 60 படங்கள் காட்டும்போது சுமார் 50 கோடி பிக்சல்தான் தேவைப்படுகிறது. அதைப்போல 13 மடங்கு வேலையை முகத்தில் மாட்டிய பேட்டரிக் கருவி செய்ய வேண்டும்.

இதற்கும் உடலே ஒரு சலுகை தருகிறது. நம் கண் கூர்மையாகப் பார்ப்பது சுமார் 2 டிகிரி அகலத்தை மட்டுமே; நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் ஏறத்தாழ அந்த அளவு. மற்ற இடமெல்லாம் மங்கல்தான், மூளை அதை நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே கண்மணி எங்கே பார்க்கிறது என்பதைச் சிறு கேமராக்களால் கண்காணித்து, அந்த இடத்தை மட்டும் நுணுக்கமாக வரைந்தால் போதும். சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2, ஆப்பிளின் விஷன் புரோ இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அதற்கென்று கூடுதல் கேமரா, கூடுதல் கணக்கு, கூடுதல் மின்சாரம் எல்லாம் வேண்டும்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நழுவும் என்பதற்கு லென்ஸைவிட நல்ல சான்று இல்லை. பழைய ஹெட்செட்டுகள் மூக்குக்கு முன்னால் பெட்டிபோல் நீண்டிருந்ததற்குக் காரணம், திரைக்கும் லென்ஸுக்கும் இடையே தேவைப்பட்ட இடைவெளி. புதியவற்றில் பயன்படும் பான்கேக் லென்ஸ், முனைவாக்கப்பட்ட (அதிரும் திசை ஒழுங்காக்கப்பட்ட) ஒளியை உள்ளேயே முன்னும் பின்னும் எதிரொளிக்கச் செய்து அந்த இடைவெளியை மடித்துவிடுகிறது. கருவி மெலிகிறது. ஆனால் ஒளி, பாதியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடியை இருமுறை சந்திக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் பாதி வீணாகிறது. மிகச் சிறந்த நிலையிலும் 25 சதவீத ஒளிதான் கண்ணை அடையும். இழப்பை ஈடுகட்டத் திரை பிரகாசமாக எரிய வேண்டும். வெப்பம் ஏறும், விசிறி வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும். மெலிந்த கருவி மறுபடி கனக்கிறது.

அந்தக் கனம் விழுவது கழுத்தின்மீது. குவெஸ்ட் 3இன் எடை 515 கிராம். 2024இல் 3,499 டாலருக்கு வந்த விஷன் புரோ 600 முதல் 650 கிராம்; பேட்டரியைத் தனியே பிரித்துச் சட்டைப் பைக்கு மாற்றிய பிறகும் இந்த எடை. முகத்தின் முன்னால் தொங்கும் எடை தலையைக் குனிய இழுப்பதால் அரை மணி நேரத்தில் கன்னத்தில் அழுத்தம் தெரியும். ஆப்பிள் 2025இல் வெளியிட்ட புதிய பதிப்பில், பின்பக்கப் பட்டைக்குள் டங்ஸ்டன் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். முன்பக்க எடையைச் சமன்செய்ய, உலோகங்களிலேயே கனமான ஒன்றைத் தலைக்குப் பின்னால் கட்டினார்கள். மொத்த எடை 750 கிராமைத் தாண்டியது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, திறமைக்கோ பணத்துக்கோ குறைவில்லாத இடம், எடையைக் கூட்டித்தான் வசதியை வாங்க முடிந்தது. இந்தத் துறையின் நிலைமையைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிடத் தெளிவான செய்தி கிடைக்கவில்லை. மறுபுறம், பிக்ஸ்கிரீன் பியாண்ட் என்ற கருவி 127 கிராம்தான்; ஆனால் கணக்கிடும் செயலிச் சில்லும் பேட்டரியும் அதில் இல்லை. கம்பியால் மேசைக் கணினியோடு கட்டிப்போட்டால்தான் இயங்கும்.

சந்தையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரிஃப்ட், எச்டிசி வைவ், சோனியின் பிளேஸ்டேஷன் விஆர் மூன்றும் வெளிவந்த 2016ஐ மெய்நிகர் ஆண்டு என்றார்கள். 100 கோடி பேரை மெய்நிகர் உலகுக்குக் கொண்டுவருவதே இலக்கு என்று மார்க் சக்கர்பெர்க் 2017இல் அறிவித்தார். 2020இல் 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 2 உண்மையிலேயே நன்றாக விற்றது. 2023 தொடக்கச் செய்திகளின்படி குவெஸ்ட் வரிசையில் மொத்தம் 2 கோடி அளவுக்கு விற்பனை. ஆனால் புதிதாக வாங்கியவர்கள் பழையவர்களைப்போல் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை என்பதும் அதே செய்திகளில் இருந்தது. ஹெட்செட்டுகளைச் செய்யும் மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024இல் மட்டும் 1,770 கோடி டாலர் இயக்க இழப்பைக் காட்டியது. ஆக, விலை இறங்கியபோது மக்கள் வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் அலமாரியில் வைத்துவிட்டார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

தொடர்ந்து பயன்படுகிற இடங்களைப் பார்த்தால் காரணம் புலப்படும். மலைப்பாதையில் பஸ்ஸில் புத்தகம் படிப்பவருக்குக் குமட்டுவது, உள்காது நகர்கிறோம் என்றும் கண் நிற்கிறோம் என்றும் சொல்வதால். கைப்பிடியை அழுத்தி மெய்நிகர் உலகில் நடப்பவருக்கு இதே முரண் தலைகீழாக நேர்கிறது. கணினி எவ்வளவு வேகமானாலும் இது தீராது, ஏனென்றால் உடல் உண்மையிலேயே நகரவில்லை. பீட் சேபர் விளையாட்டு வெற்றி பெற்றது தற்செயல் அல்ல. ஆடுபவர் நின்ற இடத்தில் நின்றபடி, தன்னை நோக்கி வரும் கட்டைகளை இசைக்கேற்ப வெட்டுகிறார். அவர் நகர்வதெல்லாம் உண்மையான நகர்வு என்பதால் உள்காதுக்கு எந்தப் புகாரும் இல்லை. மருத்துவத்திலும் அப்படித்தான். தீக்காயக் கட்டுகளை மாற்றும்போது வலியிலிருந்து நோயாளியின் கவனத்தைத் திருப்ப, ஹண்டர் ஹாஃப்மனும் அவருடைய வாஷிங்டன் பல்கலைக்கழகச் சகாக்களும் பனி உலகம் ஒன்றை உருவாக்கினார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கான மெய்நிகர் ஹெட்செட் சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இல் ஒப்புதல் அளித்தது. அதில் மொத்தம் 56 அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம் வரை. குறுகிய நேரத்துக்கு, தெளிவான ஒரு தேவைக்கு என்றால் உடல் ஒத்துழைக்கிறது. எட்டு மணி நேர அலுவலக வேலையை ஹெட்செட்டுக்குள் செய்யச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

பாக்கியிருப்பவற்றில் மிகக் கடினமானது பார்வையின் குவியம். ஒரு விரலை முகத்துக்கு நேரே பிடித்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தால், கண்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்புகின்றன. கூடவே விழிலென்ஸ் தடித்துக் குவியத்தை அருகே கொண்டுவருகிறது. இரண்டும் இணைந்தே நடந்து பழகியவை. ஹெட்செட்டில் திரையின் பிம்பம் பொதுவாக ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் நிலையாக நிற்கிறது. கையெட்டும் தூரத்தில் ஒரு மெய்நிகர்ப் புத்தகம் தெரிந்தால் கண்கள் அருகே திரும்ப வேண்டும், குவியமோ தொலைவிலேயே நிற்க வேண்டும். இந்த முரண் கண்சோர்வைத் தருகிறது என்பதைப் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008இல் சோதனைகளால் காட்டினார்கள்.

ஃபேஸ்புக் ஆய்வகம் இதற்காகச் செய்த ஹாஃப் டோம் 3 என்ற மாதிரியை 2019இல் காட்டியது. மெல்லிய திரவப் படிக லென்ஸ்கள் ஆறு, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றையும் மின்னழுத்தத்தால் இயக்கவோ நிறுத்தவோ செய்யலாம் என்பதால் ஆறும் சேர்ந்து 64 குவியத் தொலைவுகளைத் தரும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கண் பார்க்கும் இடத்தைப் பிசகாமல் அறிந்து, குவியத்தை உடனுக்குடன் மாற்ற வேண்டும். ஆறு அடுக்குகளையும் தாண்டிக் காட்சி தெளிவாக வர வேண்டும். மெட்டா, ஆப்பிள், சோனி விற்கும் எந்த ஹெட்செட்டிலும் இது இன்னும் இல்லை. அடுத்த ஹெட்செட் அறிவிக்கப்படும்போது பிக்சல் கணக்கைவிட முதலில் நான் தேடப்போவது இதைத்தான், இரண்டாவதாக, எடையை.