யாரோ வைத்த ஃபோன்

அமெரிக்காவில் பார்பர்ஷாப் என்று ஒரு பாட்டு வகை உண்டு. நான்கு பேர், நான்கு குரல்கள், வாத்தியம் கிடையாது. அதன் மிகப் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆரெகன் மாநிலத்து ராப் டோப்போல்ஸ்கி அப்படி ஒருவர். 2007-ல், காப்புரிமைக் காலம் முடிந்த சில பாட்டுகளை டோரன்ட் வழியாக, அதாவது கணினிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கோப்பு பரிமாறும் முறையில், மற்றவர்களுக்குக் கொடுக்கப் பார்த்தார். யாருக்கும் போய்ச் சேரவில்லை. அவர் வீட்டு இணைய இணைப்பு காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனத்துடையது.

டோப்போல்ஸ்கிக்கு வலையமைப்பு நுட்பம் தெரியும். கணினிக்குள் வந்துபோகும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துவைத்துப் பார்த்தார். எதிர்முனையிலிருந்து ‘முடித்துக்கொள்’ என்ற பொட்டலம் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. எதிர்முனைகளுக்கு முடித்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

இது எப்படி நடக்கும் என்று புரிய, இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளான டிசிபி நெறிமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டு கணினிகள் கோப்பு பரிமாறும்போது அது சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும், அதாவது முன்பகுதியிலும், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் எல்லாம் இருக்கும். ‘இதுவரை வந்தது’ என்று மறுமுனை அவ்வப்போது ஒப்புகை அனுப்பும். வராததை இந்த முனை திரும்ப அனுப்பும். பேச்சை முடிக்க இரண்டு வழிகள். ஒன்று, இரு தரப்பும் முறையாகச் சொல்லிக்கொண்டு விலகுவது. மற்றது ரீசெட். தலைப்பில் ஒரே ஒரு பிட்டை 1 ஆக்கி அனுப்பினால் போதும், ஃபோனைப் படாரென்று வைத்த மாதிரி. பெற்ற கணினி காரணம் கேட்காது, பதிலும் சொல்லாது. இணைப்பை அந்த நொடியே கைவிட்டுவிடும். ஒரு முனை திடீரென்று அணைந்து மறுபடி உயிர்த்தெழும்போது இந்த வசதி அவசியம் தேவை.

சரி, அந்த ரீசெட்டை அனுப்பியது யார் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மேலே எழுதியிருக்கும் அனுப்புநர் முகவரியை நம்பும், அவ்வளவுதான். வரிசை எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த எண் 400 கோடிக்கும் மேற்பட்ட எண்களில் ஒன்று என்பதால் வெளியாள் ஊகிப்பது சிரமம். ஆனால் பொட்டலம் போகும் வழியிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை, எண் கண்ணெதிரே போகிறது. தபால்காரரே நம் கையெழுத்தைப் போட்டு, ‘இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே’ என்று இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு தாளைப் போட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? காம்காஸ்ட் செய்தது அதுதான். டோரன்ட் நிரல்கள் உள்ளடக்கத்தை மறைகுறியாக்கியும் பயன் இல்லை. மறைவது கடிதம்தான், டிசிபி தலைப்பு என்ற உறை திறந்தே இருக்கிறது.

இதை நிரூபிக்க ஒரு முனையில் இருந்தால் போதாது. இரண்டு முனைகளிலும் பொட்டலங்களைப் பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். இங்கே வந்த ரீசெட் அங்கே கிளம்பவே இல்லை என்றால் நடுவில் யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். 2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அப்படித்தான் சோதித்தது. அவர்கள் அனுப்பிப் பார்த்த கோப்பு கிங் ஜேம்ஸ் பைபிள். காப்புரிமைச் சிக்கல் இல்லாத புத்தகம், திருட்டுப் படம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. அதற்கும் ரீசெட் வந்தது, இரு முனைகளுக்கும் வந்தது, இரு முனையும் அனுப்பவில்லை. எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பும் தனியாகச் சோதித்து அதையே கண்டது.

காம்காஸ்ட் தரப்பில் ஒரு நியாயமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேபிள் வலையமைப்பு டிவிக்காகப் போடப்பட்டது. டிவி ஒருவழிப் பாதை. அதனால் வீட்டிலிருந்து மேலே போகும் தரவுக்கு அப்போது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒடுங்கிய சந்து மட்டும்தான் கிடைத்தது. அந்தச் சந்தைத்தான் ஒரு பகுதியின் பல வீடுகள் பங்குபோட்டுக்கொண்டன. டோரன்டோ நாள் முழுக்க மேலேற்றும். நெரிசல் பொய் இல்லை. ஆனால் நெரிசல் இல்லாத நேரத்திலும் ரீசெட் போனது. அதிகம் பயன்படுத்தாதவருக்கும் போனது. வாடிக்கையாளர் கேட்டபோது, அப்படி எதையும் தடுப்பதில்லை என்றே முதலில் பதில் வந்தது. அப்புறம்தான் ‘தாமதப்படுத்துகிறோம்’ என்றார்கள். என்னைக் கேட்டால், வேகத்தைக் குறைத்ததைவிட இந்த மறைப்புதான் பெரிய தப்பு. பணம் கட்டியவர் தன் மோடத்தையும் கணினியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 3-க்கு 2 என்ற வாக்கில், வருட முடிவுக்குள் இதை நிறுத்தச் சொன்னது. அபராதம் போடவில்லை. 2010 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்துசெய்தது. காம்காஸ்ட் செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை, தட்டிக்கேட்க எஃப்சிசிக்கு அதிகாரம் இல்லை என்றது. காரணம் ஒரு பெயர்ச் சிக்கல். 2002-ல் எஃப்சிசியே கேபிள் இணையத்தைத் ‘தகவல் சேவை’ என்று வகைப்படுத்தியிருந்தது. ‘தொலைத்தொடர்புச் சேவை’ என்றால் ஃபோன் நிறுவனங்களைப் போல பாரபட்சம் காட்டக் கூடாது. தகவல் சேவைக்கு அந்தக் கட்டு இல்லை. 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்த வகைப்பாட்டை ஏற்றபோது, நீதிபதி ஸ்காலியா மாறுபட்டு எழுதிய தீர்ப்பில் ஒரு பீட்சா கடையைக் கொண்டுவந்தார். ‘டெலிவரி உண்டா’ என்றால் ‘கிடையாது, ஆனால் பீட்சா செய்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம்’ என்கிற கடை. கேபிள் நிறுவனங்கள் சொல்வது அந்த ரகம் என்றார்.

அதன்பின் நடந்தது ஊஞ்சல் ஆட்டம். 2015-ல் எஃப்சிசி கேபிள் இணையத்தின் பெயரைத் ‘தொலைத்தொடர்புச் சேவை’ என்று மாற்றியது, 2017-ல் திருப்பியது, 2024-ல் மறுபடி மாற்றியது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. வெள்ளை மாளிகையில் கட்சி மாறினால் எஃப்சிசியின் பெரும்பான்மையும் மாறும், கேபிளின் பெயரும் மாறும்.

இந்தியாவில் இந்தப் பெயர்த் தகராறு பெரிதாக எழவில்லை. இங்கே இணைய சேவை தருபவர் அரசின் உரிமம் பெற்றே தொழில் செய்கிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்த பாரபட்சமின்மையை 2018-ல் உரிம நிபந்தனையிலேயே சேர்த்துவிட்டார்கள். நெரிசலைச் சமாளிக்கலாம், ஆனால் அது அளவோடும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும்.

வெளிப்படை என்ற அந்தப் பகுதிதான் அமெரிக்காவிலும் தப்பிப் பிழைத்தது. எஃப்சிசி பிறகு போட்ட மற்ற விதிகளை 2014-ல் நீதிமன்றம் வீழ்த்தியபோதும், வலையமைப்பை எப்படி நிர்வகிக்கிறோம் என்று நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்ற விதியை விட்டுவைத்தது. 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் பிஸ்கட் பாக்கெட்டில் சத்து விவரம் போடுவதைப் போல விலை, வேகம், டேட்டா வரம்பு ஆகியவற்றை ஒரு கட்டத்துக்குள் போட்டுக்காட்ட வேண்டியிருந்தது.

காம்காஸ்ட் 2008 முடிவதற்குள் முறையை மாற்றியது, புது முறையை எழுதி வெளியிடவும் செய்தது. பகுதியின் மேலேற்றுப் பாதை 15 நிமிடம் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரும் தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதே அளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது மட்டும் அவருடைய பொட்டலங்கள் வரிசையில் கொஞ்சம் பின்னால் போகும். அவர் பயன்பாடு குறைந்ததும் பழைய இடம் கிடைத்துவிடும். டோரன்டா, வீடியோவா, பைபிளா என்று பார்க்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கு 1.6 கோடி டாலரில் முடிந்தது, ஆளுக்கு அதிகபட்சம் 16 டாலர்.