ஜங்ஷன்: பாம்பன் இழந்த பட்டம்

திருநெல்வேலியில் ஆட்டோவில் ஏறி "ஜங்ஷன் போங்க" என்றால், எந்த ஜங்ஷன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரயில் நிலையத்தின் பட்டம் அங்கே ஒரு வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. நாகர்கோவில் பக்கம் போனால், தண்டவாளமே இல்லாத நாலு ரோடு கூடுமிடமும் ஜங்ஷன்தான்.

ரயில்வேக்காரர்கள் கொள்ளும் பொருள் இன்னும் கறாரானது. ஒரு நிலையத்திலிருந்து குறைந்தது மூன்று திசைகளில் பாதை போனால்தான் பெயருக்குப் பின்னால் அந்த ஒட்டு வரும். ஊரின் அளவு கணக்கில் இல்லை. மணியாச்சி ஜங்ஷன், ராமேஸ்வரம் இல்லை.

லத்தீனில் 'யுங்கரே' என்றால் பூட்டு, இணை என்று பொருள். அதிலிருந்து வந்து ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் சேர்ந்த சொல் இது. வடமொழியின் 'யோகம்' அதே வேரில் கிளைத்த உறவுக்காரன்.

தமிழில் 'சந்திப்பு' என்று பலகையில் எழுதுகிறோம். தவறில்லை, ஆனால் பத்திரிகையாளர் சந்திப்பும் அதுவே என்பதால் கொஞ்சம் வழுவழுப்பு. இலங்கைத் தமிழர் வெறுமனே 'சந்தி' என்பார்கள். தெருக்கள் கூடுமிடத்துக்கு யாழ்ப்பாணத்தில் அன்றாட வழக்கு அது. நம் பக்கம் 'சந்தி சிரிக்கிறது' என்ற வசவில்தான் அந்தச் சொல் நன்றாகப் பிழைத்திருக்கிறது. சந்தி வடசொல் என்று ஒதுக்குபவர்களுக்குக் 'கூடல்' உண்டு. சங்கப் பாடல்களில் பாதை கவர்த்துப் பிரியும் இடத்துக்குக் 'கவலை' என்று பெயர்; இன்றைக்கு அதை எந்த நிலையப் பலகையிலும் எழுத முடியாது. என்னைக் கேட்டால் முச்சந்தியே மிகப் பொருத்தம். ரயில்வே கேட்கும் மூன்று திசையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பாம்பன் அப்படியொரு முச்சந்தியாக இருந்த ஊர். 1914-இல் கடற்பாலம் திறந்ததும் மண்டபத்திலிருந்து கடல் தாண்டி வந்த மீட்டர்கேஜ் பாதை இங்கே இரண்டாகப் பிரிந்தது: ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கிலோமீட்டர், மற்றது தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து இலங்கைக் கப்பலுக்கு ஆள் கொண்டு வந்த போட் மெயில் ரயிலுக்கு வேலை தனுஷ்கோடியில்தான். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கைக் கரையில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. அதற்கு முன்னால் இலங்கை போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பல் பிடித்தார்கள். அந்தப் போக்குவரத்து இந்தப் பக்கம் திரும்பியதும், மீன்பிடித் தீவின் நுழைவாயிலில் இருந்த ஊருக்கு ஜங்ஷன் பட்டம் கிடைத்தது. காசிக்கு நிகரான கோயில் இருக்கும் ராமேஸ்வரமோ வெறும் கிளைப்பாதையின் முனை!

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிதைந்த கடற்பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது, போட் மெயிலும் கூடவே போனது. மூன்றாவது திசை இல்லாத பாம்பன், ரயில் கடந்து போகும் நிலையமானது. 1988-இல் சாலைப் பாலம் வந்தபின் பேருந்தும் லாரியும் தீவுக்குள் ஓட, கடலைத் தாண்ட ரயிலை விட்டால் வழியில்லை என்ற நிலையும் போயிற்று. 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தபோது படம் பிடிக்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் பார்த்தது பாலத்தை, நிலையத்தை இல்லை.

அக்கரையில் இதன் ஜோடி மதவாச்சி. தலைமன்னார்ப் பாதை பிரியும் இடம் அது. போரில் நின்ற அந்தப் பாதையை 2015-இல் மறுபடி தலைமன்னார் இறங்குதுறை வரை ஓட்டிவிட்டார்கள். மதவாச்சி இன்றும் சந்திதான்.

ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதையைத் திரும்பப் போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் பாதை தொடங்குவது ராமேஸ்வரத்திலிருந்து. அது என்றைக்காவது நிறைவேறினாலும் பாம்பனில் பாதை பிரியாது.