மூன்று புள்ளிக் கோடு ஒன்பது அங்குலம் விலகினால்

2024 மார்ச் 31. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரிலுள்ள மோடா சென்டர் அரங்கம். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துத் தொடரின் காலிறுதியில் டெக்சஸ் அணியும் என்சி ஸ்டேட் அணியும் மோத வேண்டும். ஆட்டம் தொடங்கச் சிறிது நேரமே இருக்கும்போது ஒரு விஷயம் தெரியவருகிறது: தளத்தின் இரண்டு முனைகளிலும் உள்ள மூன்று புள்ளிக் கோடுகள் (இவற்றுக்கு வெளியே நின்று எறிந்து பந்தைக் கூடையில் போட்டால் மூன்று புள்ளிகள்) கூடையிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. ஒரு முனையில் வளைவின் உச்சி கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் கூடைக்கு அருகே வந்துவிட்டது. இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது, அதே தளத்தில் அதற்கு முன்பே நான்கு ஆட்டங்கள் முடிந்திருந்தன என்பதுதான்.

கோட்டைத் திருத்தும்வரை காத்திருந்தால் ஆட்டம் வெகுநேரம் தள்ளிப்போகும். இரண்டு பயிற்சியாளர்களும் பேசி, இருக்கிற தளத்திலேயே ஆடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் முனை மாறிக்கொள்வதால் கூடைக்கு நெருங்கிய கோடு இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பாதி கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல். என்சி ஸ்டேட் 76-66 என்று வென்றது. அடுத்த ஆட்டத்துக்குள் கோடு திருத்தப்பட்டது.

எப்படி இவ்வளவு பெரிய தொடரில் இப்படி ஒரு பிழை? கோடு வரைவது எப்படி என்று பார்த்தால் புரியும். மூன்று புள்ளிக் கோட்டின் வளைவு என்பது கூடையின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே மையம் வைத்து வரைந்த வட்டத்தின் ஒரு பகுதி. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இப்போது அதன் தூரம் 22 அடி 1¾ அங்குலம், அதாவது 6.75 மீட்டர், சர்வதேச ஆட்டங்களில் உள்ள அதே தூரம். தரையில் மையத்தைக் குறித்து, அங்கே ஒரு நீண்ட கோலின் ஒரு முனையை ஊன்றி, மறு முனையைச் சுற்றிக் கொண்டுபோனால் வளைவு கிடைத்துவிடும். பள்ளிக்கூடக் காம்பஸ்தான், அளவு மட்டும் பெரியது. அந்தக் கோலை ஊன்றிய இடம் தவறிவிட்டது, அவ்வளவுதான்.

இதில் ஒரு அழகான வடிவியல் இருக்கிறது. மையம் ஒன்பது அங்குலம் பின்னால் போனால் வளைவு முழுக்க ஒன்பது அங்குலம் தவறாது. கூடைக்கு நேர் எதிரே, உச்சியில் மட்டும்தான் முழு ஒன்பது. 45 டிகிரி கோணத்தில் நிற்பவருக்கு ஆறு அங்குலத்துக்குச் சற்று மேலே. பக்கவாட்டுக்குப் போகப் போகப் பிழை கரைந்து, கூடைக்கு இணையாக வரும்போது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. கண்ணுக்குத் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வளைவு வளைவாகவே இருக்கிறது, எங்கும் நெளியவில்லை, ஓரங்களும் சரியாகத்தான் தெரிகின்றன. அளவு நாடா வைத்தால்தான் தெரியும்.

சரி, கோட்டை விட்டுவிட்டுத் தரைக்கு வருவோம். ஏனென்றால் கோடு, நிறம், சின்னம் எல்லாமே மரத்துக்குள்ளேயும் மரத்தின் மேலேயும் அடுக்கடுக்காக உட்கார்ந்திருப்பவை, அந்த அடுக்குகளைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தளங்களின் வடிவமைப்பைப் பேச முடியாது.

மரம் பெரும்பாலும் கடின மேப்பிள். மிச்சிகன், விஸ்கான்சின் மாதிரியான வடக்குக் குளிர்ப் பகுதிகளில் வளர்வது. குளிரில் மெதுவாக வளர்வதால் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், மரம் அடர்த்தியாகவும் கெட்டியாகவும் இருக்கும், சிலாம்பு எளிதில் பெயராது. நிறமும் வெளிர். விளக்கொளியைத் திருப்பி அனுப்பி அரங்கைப் பளிச்சென்று காட்டும். மார்ச் மாதத் தொடருக்கான தளங்கள் நிரந்தரத் தரைகள் கிடையாது. நான்கடிக்கு ஏழடி அளவுள்ள பலகைகளாகச் செய்து, லாரியில் ஏற்றி, அரங்கில் ஒன்றோடொன்று பூட்டிப் பரப்புகிறார்கள். கல்லூரி ஆடுகளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். கோடுகளுக்கு உட்பட்ட இடத்துக்கு மட்டுமே சுமார் 168 பலகைகள் ஆகும். சுற்றிலும் ஓடி நிற்க இடம் வேண்டுமே, அது தனி. இப்போது யோசித்துப் பாருங்கள்: ஒரு வட்டமோ வளைவோ ஒரே பலகையில் இருப்பதில்லை, பல பலகைகளைத் தாண்டி ஓடுகிறது. எது எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைத்து, அதே வரிசையில் அடுக்கினால்தான் கோடு சேரும்.

முதலில் மரத்தை இழைத்துத் தேய்க்கிறார்கள். அதன் மேல் துளை அடைக்கும் சீலர் பூச்சு. அப்புறம் நிறங்களும் கோடுகளும். கடைசியில் எல்லாவற்றையும் மூடி, ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் மாதிரியான மேல்பூச்சு. ஆக, வீரரின் ஷூ பெயின்ட்டைத் தொடுவதே இல்லை, மேல்பூச்சைத்தான் தொடுகிறது. நடுவட்டத்தில் எவ்வளவு பெரிய சின்னம் வரைந்தாலும், வெறும் மரத்தின் மேலும் சின்னத்தின் மேலும் பிடிப்பு ஒரே மாதிரி இருப்பது இதனால்தான். ஒட்டுப்படமாக மேலே ஒட்டினால் இந்தக் கணக்கு குலைகிறது. ஓடிவருகிற ஒருவர் ஒரு பிடிப்புள்ள பரப்பிலிருந்து சட்டென்று வேறு பிடிப்புள்ள பரப்பில் கால் வைக்கிறார். தரை முழுதும் ஒரே அளவு வழுக்கினால்கூட உடம்பு இரண்டு நிமிடத்தில் பழகிக்கொள்ளும், நடுவில் மாறினால் பழக நேரமில்லை. என்னைக் கேட்டால், வீரர்கள் கால் பதிக்கும் இடத்தில் விளம்பர ஒட்டுப்படங்களை அனுமதிக்கவே கூடாது.

பிடிப்பு அதிகமாகவும் இருக்கக் கூடாது. விளையாட்டுத் தரைகளுக்கான ஜெர்மானியத் தரவிதி, பிடிப்பை அளக்கும் எண்ணான உராய்வுக் கெழு 0.4-க்கும் 0.6-க்கும் இடையே இருக்க வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே போனால் கால் சறுக்கும். மேலே போனால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்ப, முழங்கால் தசைநார் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

பிடிப்பை ஒரே இரவில் அழிக்கக்கூடியது தண்ணீர். 2011 நவம்பர் 11-இல் சான் டியாகோவில், யுஎஸ்எஸ் கார்ல் வின்சன் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் மரத்தரை போட்டு வட கரோலினாவும் மிச்சிகன் ஸ்டேட்டும் ஆடின. அதிபர் ஒபாமா வந்து பார்த்தார், ஆட்டம் நன்றாகவே முடிந்தது. மறுவருடம் அதையே கிழக்குக் கரையில் செய்தார்கள். ஜாக்சன்வில்லில் யுஎஸ்எஸ் பட்டான் கப்பலில் ஃப்ளோரிடா, ஜார்ஜ்டவுன் அணிகளின் ஆட்டம் 27-23 என்ற நிலையில் இடைவேளையோடு நின்றுபோனது. தென் கரோலினாவில் யுஎஸ்எஸ் யார்க்டவுன் கப்பலில் ஒஹையோ ஸ்டேட்டும் மார்க்கெட்டும் ஆடவிருந்த ஆட்டம் தொடங்கவே இல்லை. அன்று முன்னதாக அதே தளத்தில் பெண்கள் அணிகள் ஆடிவிட்டன. பொழுது சாய்ந்த பிறகுதான் வினை.

காரணம் பனித்துளிதான். சூரியன் போனதும் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கிற தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. கடல் காற்றில் ஈரம் நிறைய. அந்தக் காற்று குளிர்ந்த தரையைத் தொட்டதும் தாங்க முடியாத ஈரத்தை நீராக விட்டுவிடுகிறது. வெறும் மரமாக இருந்தால் கொஞ்சம் உறிஞ்சும். மேல்பூச்சு போட்ட மரம் எதையும் உள்ளே விடாது, ஆகவே மெல்லிய நீர்ப்படலம் அப்படியே மேலே நிற்கும், ஷூவின் ரப்பருக்கும் பூச்சுக்கும் நடுவே புகுந்து இரண்டையும் தொடவிடாமல் செய்யும். எவ்வளவு துடைத்தாலும் தரை குளிர்ந்திருக்கும்வரை மறுபடியும் ஊறிக்கொண்டே இருக்கும். ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் பனிக்கட்டியின் மேலேயே மரத்தரையைப் போடும்போதும் இதே ஆபத்து உண்டு, அதனால்தான் இடையில் வெப்பம் கடத்தாத அடுக்கு ஒன்றைப் பரப்புகிறார்கள்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. 1977-இல் மில்வாக்கியின் மெக்கா அரங்கத் தளத்தை ஓவியர் ராபர்ட் இண்டியானா வடிவமைத்தார். மார்க்கெட் பல்கலைக்கழக அணியும் தொழில்முறை பக்ஸ் அணியும் ஆடிய தளம் அது. பளிச்சென்ற மஞ்சளில், ஒவ்வொரு பாதியிலும் பிரம்மாண்டமான ஒரு ‘எம்’ எழுத்து. முழுத் தரையையும் ஓர் ஓவியமாகவே பார்த்த துணிச்சல் அது, எனக்கு இன்றுவரை அதற்கு ஈடாக ஒன்றும் தோன்றவில்லை.

ஓரிகன் பல்கலைக்கழகம் 2011-இல் திறந்த மேத்யூ நைட் அரங்கம் வேறு வழியில் போனது. நைக்கியின் டிங்கர் ஹாட்ஃபீல்ட் வடிவமைத்த அந்தத் தளத்தில் ஓரங்களைச் சுற்றி ஊசியிலை மரங்களின் நிழலுருக்கள், காட்டுக்குள் படுத்து மேலே பார்ப்பதுபோல. 1939-இல் முதல் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்ற ஓரிகன் அணியை ‘உயர்ந்த ஃபிர் மரங்கள்’ என்று அழைத்தார்கள், அந்த நினைவுக்காக இந்த மரங்கள். யோசனை அருமை. ஆனால் நடுக்கோடு சரியாகத் தெரியவில்லை என்று அப்போதே புகார் எழுந்தது, அது நியாயமான புகார். ஒரு கோடு தெரிவது அதன் நிறத்தால் இல்லை, பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் எவ்வளவு வெளிச்சமாகவோ இருட்டாகவோ இருக்கிறது என்பதால். வேகமாக ஓடுகிறவர் கோட்டை நேராகப் பார்ப்பதில்லை, கண் பந்தின் மீதும் எதிராளி மீதும் இருக்கிறது, கோடு ஓரப்பார்வையில் வந்து போகிறது. ஓரப்பார்வைக்கு நிறமும் நுணுக்கமும் சரியாகப் பிடிபடாது, வெளிச்ச வேறுபாடு மட்டும் பிடிபடும். இரண்டே அங்குல அகலமுள்ள கோட்டைச் சுற்றி மரக்கிளைகளின் நிழலை வைத்தால் கோடும் கிளைகளில் ஒன்றாகிவிடுகிறது.

தேசியத் தொடரில் இப்போது எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தளம்தான்: வெளிர் மரம், கருமையான விளிம்பு, நடுவே தொடரின் சின்னம். அலுப்பாக இருக்கிறது என்கிற ரசிகர்கள் பக்கம் என் மனம் சாய்கிறது, ஆனால் எந்த ஊரில் ஆடினாலும் வீரர் கண்ணுக்கு ஒரே தரை என்பது சின்ன லாபம் இல்லை. பட்டம் வென்ற கல்லூரிகள் சில தாங்கள் வென்ற தரையையே விலைக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுபோயிருக்கின்றன. அதில் மறுபடியும் ஆட நினைத்தால் மேல்பூச்சையும் பெயின்ட்டையும் தேய்த்தெடுத்து, மரம் வெளுப்பாகத் தெரிந்ததும் தங்கள் நிறத்தைப் பூசிக்கொள்ளலாம். அப்போது மூன்று புள்ளிக் கோட்டுக்கு மறுபடியும் மையத்தைக் குறிக்க வேண்டும்: தளத்தின் கடைசிக் கோட்டிலிருந்து 63 அங்குலம் உள்ளே, அகலத்தின் சரிபாதியில்.