காலில் நிற்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சாவகச்சேரியிலிருந்து ஒரு மகள் கேட்டிருந்தார்: "ஐயாவுக்கு இதயம் பலவீனம், தண்ணி அளந்துதான் குடுக்கோணும் எண்டு சொன்னவை. பாத்துப் பாத்துத்தான் குடுக்கிறம். பிறகும் பின்னேரத்தில கால் வீங்குது. அந்தத் தண்ணி எங்கையிருந்து வருகுது?"

புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. வெளியே போக வேண்டியது போகாமல் நிற்கிறது. அதை மறித்து வைத்திருப்பது சிறுநீரகம்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. மாரடைப்பாலோ நெடுநாள் பிரசராலோ வால்வுப் பழுதாலோ தசை களைத்துப்போனால் அந்த வேலை தளர்கிறது. 'இதயச் செயலிழப்பு' என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நிற்கப்போகிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அது நிற்கவில்லை, உடல் கேட்கிற அளவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது.

நான் வியந்து வியந்து படித்த இடம் இதற்கு அடுத்தது. இரத்த ஓட்டம் குறைந்ததைச் சிறுநீரகம் உணர்கிறது, ஆனால் ஏன் குறைந்தது என்று அறிய அதற்கு வழியில்லை. காயம்பட்டு இரத்தம் போயிருக்க வேண்டும், அல்லது வயிற்றோட்டத்திலோ வெயிலிலோ உடல் வற்றியிருக்க வேண்டும். இந்த இரண்டு ஆபத்துக்கும்தான் அது பழகியிருக்கிறது. எனவே ரெனின் என்ற பொருளைச் சுரந்து, ஒன்றையடுத்து ஒன்றாக ஓமோன்களை எழுப்பி, "உப்பை விடாதே" என்று கட்டளை பிறப்பிக்கிறது. உப்பு நின்றால் தண்ணீரும் கூடவே நிற்கும். தாகமும் கூடும். ஐயா ஒளித்து ஒரு மிடறு குடிக்கிறார் என்றால் ஏசாதீர்கள், அந்தத் தாகம் உண்மையானது.

எவ்வளவு நிற்கும்? சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. கிணற்றடியில் 10 லீற்றர் வாளியால் 18 தரம் அள்ளி ஊற்றுகிற தண்ணீர் அது. அதில் 178 லீற்றரளவு திரும்ப இரத்தத்துக்கே போய்விடும், மிச்சம்தான் சலம். 180 லீற்றரில் அரை வீதம் கூடுதலாக மறித்தாலே 900 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட ஒரு கிலோ நிறை. குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை அளந்தும் கால் வீங்குவது இதனால்தான்.

இதயம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. 1981 இல் கனடாவில் அடோல்போ டி போல்ட் என்பவரும் கூட்டாளிகளும் எலி இதயத்தின் மேலறைகளை அரைத்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார்கள். அவை உப்பும் சலமுமாகக் கொட்டித் தீர்த்தன. தண்ணீர் கூடி மேலறைச் சுவர் இழுபடும்போது, "உப்பைப் போகவிடு" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஓமோனை இதயமே சுரக்கிறது! வெறும் பம்பி என்று நினைத்திருந்த உறுப்பு ஒரு சுரப்பியாகவும் இருந்தது. நோய் முற்றும்போது மற்றக் கட்டளை ஓங்கி, இந்தக் குரல் எடுபடாமல் போகிறது. எலிச் சாற்றில் இறங்கிய அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். இன்று இரத்தப் பரிசோதனையில் இதயத்தின் சுமையை அறிய உதவுவது இதே ஓமோன் குடும்பம்தான்.

என் அம்மா திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவும்போது, முதல் பாதி முடியுமுன் நிமிர்ந்து, தொடையில் கையை ஊன்றி மூச்செடுப்பார். வயசு என்றிருந்தோம், அவருக்கும் இதே இதயப் பலவீனம்தான். குனியும்போது, ஏற்கெனவே நிரம்பி வழிகிற இதய அறைகளில் அழுத்தம் இன்னும் ஏறும். குனிந்து 30 விநாடிக்குள் மூச்சு வாங்குவதற்கு 2014 இல் அமெரிக்க வைத்தியர்கள் தனிப்பெயரே வைத்தார்கள். மேசையில் பூட்டுகிற துருவி, உயரக் கதிரை, நீளப் பிடி போட்ட விளக்குமாறு, கிணற்றடியில் இருந்து குளிக்க ஒரு வாங்கு என்று மாற்றியதும் அவர் தன் வேலைகளைத் திரும்பத் தானே செய்தார்.

அதற்கு முந்தி இரவில் படுத்து இரண்டு மணித்தியாலத்தில் பதறி எழும்புவார். பேய் அமுக்குது என்று நூல் கட்டினார்கள். பகல் முழுக்கக் காலில் நின்ற தண்ணீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலில் தேங்கியிருக்கிறது. எழும்பி இருந்தால் சுகமாகும், பேயும் போய்விட்டதாகத் தோன்றும். அந்த நூலால் நாங்கள் இழந்த இரண்டு கிழமையை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், சாய்மனைக் கதிரையிலேயே தூங்கத் தொடங்கிவிட்டாரா என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உப்பென்றால் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லோருக்கும் நினைவு வரும். பாணில் இருக்கிற உப்பு யாருக்கும் நினைவு வராது. கூழும் தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில் சேரும். காலையில் ஒரு போத்தலில் வைத்தியர் சொன்ன அளவை நிரப்பி வையுங்கள். எதைக் குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து ஊற்றிவிட்டால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு இதய நோயாளிக்கும் கிளினிக்கிலேயே ஒரு தராசு கொடுக்க வேண்டும், அறிவுரையையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 19 ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது.

அதுவரை நீங்களே ஒன்று வாங்கி, பாயில் வைக்காமல் சீமெந்து நிலத்தில் வையுங்கள். காலையில் சலம் போனபின், தேத்தண்ணிக்கு முன், அதே சாரத்தோடு ஐயாவை ஏற்றி நிறையைக் கலண்டரில் குறியுங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் கிளினிக் திகதிக்காகக் காத்திராமல் கலண்டரையும் கழற்றிக்கொண்டு கூட்டிப் போங்கள்.